அவர் பார்க்காத கோல்

"ஒன்னும் இல்ல லா."

எங்கள் அண்ணன் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். மூக்குடைந்து ரத்தம் சட்டையில் சொட்டினாலும் ஒன்னும் இல்ல. முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கினாலும் ஒன்னும் இல்ல. ஒரு தடவை ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். கால் பெருவிரல் நகம் தனியாகக் கீழே விழுந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இந்த வாரம் நகம் வெட்ற வேல மிச்சம்" என்றார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஈப்போவில் மாதச் சம்பளம் கொடுத்துக் காற்பந்து ஆட வைத்த கிளப் ஒன்றில் எட்டு வருஷம் ஒன்றாக ஆடினோம். அவர் தற்காப்பில் நட்டநடுவில் நிற்பவர். நான் அவருக்கு வலது பக்கம். பதினொரு பேரில் தமிழர்கள் நாங்கள் இரண்டே பேர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் புந்தோங் வட்டாரத்தில் பாதிப் பேர் அண்ணி வீட்டு வாசலில் போய் நின்று துக்கம் விசாரிப்பார்கள். அண்ணிக்கு அது பிடிக்காது. மனுஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

நடுவில் நிற்பவருக்கு என்ன வேலை தெரியுமா? எதிரணி கோல்கீப்பர் உதைக்கிற பந்து ஆகாயத்துக்குப் போய்ச் சுழன்று இறங்கும். அதைத் தரையில் விழ விடாமல் தலையால் முட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மழைக் காலத்தில் எங்கள் திடலில் பந்து சேறும் தண்ணீருமாகக் கனத்துக் கிடக்கும். அதைத் தலையில் வாங்க யாருக்கு ஆசை? நாங்கள் எல்லாம் கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருப்பிவிடுவோம். அவர் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைக் கொடுப்பார். டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். பயிற்சியிலும் விட மாட்டார். மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு, "இன்னும் ஒரு இருவது பந்து தூக்கிப் போடுடா" என்பார். வேறு யார் தூக்கிப் போடுவார்கள்? நான்தான் போட்டேன்.

சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் சீவியவர். தோட்டத்தைப் பற்றி யாராவது உருகிப் பேச ஆரம்பித்தால் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "என்னா இருந்துச்சு அங்க? கொசு, அட்டை, கணக்கெழுதுற கிராணியோட ஏச்சு. அந்தப் பந்துதான் என்னைய வெளிய கொண்டாந்துச்சு" என்பார். திருவிழாவில் தேர் வரும்போது புந்தோங் ரோட்டில் தேங்காய் உடைப்பார்கள். அங்கே அவரைக் கண்டால் பையன்கள் விட மாட்டார்கள். "அண்ணே, தேங்கா உடைய மாட்டேங்குது, ஒங்க தலைய கொஞ்சம் காட்டுங்க!" அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சளைக்காமல் குனிந்து காட்டுவார். அண்ணி மட்டும் சிரிக்க மாட்டார். "போதும் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அண்ணி அப்போது ஒரு பள்ளிக்கூட காண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்க்க ஒரு நாளும் வந்ததில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

என்னைக் கிளப்பில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என் ஆட்டம் சுமார். பொய் எதற்கு? ஓடுவேன், காலை வாருவேன், அவ்வளவுதான். கோச் என்னைக் கழற்றிவிடப் பார்த்தபோது அண்ணன் போய், "இவன் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு ஆட்டம் வரும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கோச் எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் ஆடினால் நான் ஆடுவேன். அவர் உட்கார்ந்தால் நானும் பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த காரியத்துக்குப் பாதிக் காரணம் இது.

தைப்பிங்கில் ஓர் அரையிறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று இழுபறியாக இருந்தது. உயரமாக வந்த பந்துக்கு அண்ணனும் எதிரணி ஆள் ஒருவனும் ஒன்றாக எகிறினார்கள். இரண்டு தலையும் மோதிய சத்தம் எனக்குப் பத்தடி தூரத்தில் கேட்டது. அண்ணன் கையை ஊன்றாமல் விழுந்தார். சுயநினைவோடு விழுகிறவன் கையை ஊன்றுவான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தில் தட்டி, உட்கார வைத்தேன். அதற்குள் கிளப் டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

டாக்டர் வயதான சீனர். ரொம்ப நேர்மையானவர். தலையில் அடிபட்டவனிடம் அவர் மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் ஆடலாம். ஒன்று தப்பினாலும் வெளியே. கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க மாட்டார். எல்லோரிடமும் மலாயில்தான் பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'சாப்டாச்சா' மட்டும்.

நான் அண்ணனுக்குப் பின்னால் மண்டியிட்டு, போத்தல் தண்ணீரை அவர் பிடரியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஸ்கோர் பெராப்பா?" என்று டாக்டர் கேட்டார். ஸ்கோர் என்ன என்பது முதல் கேள்வி.

அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இவர் வெளியே போனால் தோற்றோம்; என் இடமும் போச்சு. அவர் காதோரம் குனிந்து, ஆறுதல் சொல்கிற குரலில், "ஒன்னுக்கு ஒன்னுண்ணே, ஒன்னுக்கு ஒன்னு" என்றேன்.

"சத்து சாமா" என்றார் அண்ணன் மலாயில். ஒன்றுக்கு ஒன்று.

எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டார் டாக்டர். "தைப்பிங்ண்ணே, தைப்பிங்கு. மெதுவா மூச்சு விடுங்க." அதையும் சொன்னார். இன்றைக்கு என்ன கிழமை? "சனிக்கிழமண்ணே, ஒன்னும் ஆகல." அதற்கும் பதில் வந்தது. டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், பிறகு என் தோளைத் தட்டி, நல்ல கூட்டாளி நீ என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கார்னர். அண்ணன் முன்னால் போனார். இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை இரண்டு பேருக்கு மேலே எகிறி நெற்றியால் இடித்தார். கோல்கீப்பர் நகரக்கூட இல்லை. ஈப்போவிலிருந்து வந்த கூட்டம் வேலியைத் தாண்டி ஓடிவந்தது. இன்றைக்கும் ஈப்போ கோப்பிக் கடைகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கோலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். இறுதியாட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம் என்பது ஒருவனுக்கும் ஞாபகம் இருக்காது.

திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லோரும் ஆட்டமும் பாட்டுமாக இருந்தார்கள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து என் முழங்கையை இடித்தார்.

"டேய், கோல் எப்படிடா அடிச்சேன்?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மத்தியானம் சோறு தின்னது ஞாபகம் இருக்கு. அப்புறம் இந்த பஸ்ஸுதான்டா இருக்கு. நடுவுல ஒன்னுமே இல்ல."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் உற்சாகமாக முழுக் கதையையும் சொன்னேன். எந்தப் பக்கத்துக் கார்னர், யார் உதைத்தது, எத்தனை பேர் மறித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டார். காரம் போதவில்லை என்று நானாக ஒன்று சேர்த்தேன். எகிறுவதற்கு முன்னால் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார் என்று. சுத்தப் பொய். அதன் பிறகு கல்யாண வீடோ கருமாதி வீடோ, யார் கேட்டாலும் அண்ணன் அந்தக் கோலைச் சொல்லும்போது நான் சொன்ன மாதிரியே சொல்வார். "எகிர்றதுக்கு முந்தி இவன பாத்து ஒரு கண்ணடிச்சேன்" என்று என்னையே கைகாட்டுவார். ஊரே பார்த்த கோல். அடித்தவர் மட்டும் பார்க்கவில்லை.

அது ஒரு தடவையோடு நின்றிருந்தால் வாலிப முறுக்கு என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. நான் பார்க்க இன்னும் மூன்று தடவை நடந்தது. அவர் விழுவார், நான் போத்தலோடு ஓடுவேன், டாக்டர் கேட்பார், நான் தமிழில் முணுமுணுப்பேன், அவர் மலாயில் சொல்வார். எங்களுக்குள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கடைசித் தடவை நான் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. டாக்டர் கேள்வியைக் கேட்டுவிட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

முப்பத்தைந்து வயதில் கிளப் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தது. சிம்பாங் பூலாயில் சுண்ணாம்புக்கல் மலை உடைக்கிற இடத்தில் லாரி ஓட்டப் போனார். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். இன்னும் அதில்தான் குப்பை கொட்டுகிறேன். வாரம் ஒரு முறையாவது கோப்பிக் கடையில் பார்த்துக்கொள்வோம். அடிக்கடி நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துக்கொள்வார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவார். கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. என் பக்கத்தில் ஒரு பெண் வண்டியை ரிவர்ஸ் எடுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"டேய், எங்கடா இருக்கீங்க எல்லாரும்? மேட்ச் எத்தன மணிக்கு?"

"எந்த மேட்ச்ண்ணே?"

"என்னடா கேள்வி இது! நான் பாகான் செராய் பாடாங்ல நிக்கிறேன். ஒருத்தனையும் காணோம்."

அந்தப் பெண்ணை வீட்டில் இறக்கிவிட்டு நெடுஞ்சாலையைப் பிடித்தேன். ஒரு மணி நேர ஓட்டம். வயல்காட்டை ஒட்டி அந்தத் திடல். பல வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறோம். ஓரத்தில் கல் நிரம்பிய லாரி நின்றது. ஈப்போவில் இறக்க வேண்டிய கல். அண்ணன் புல்லில் உட்கார்ந்து, வேலைக்குப் போடுகிற சப்பாத்தைக் கழற்றி வைத்து, காலுறையை முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "லேட்டு லா நீ" என்றார். முதலாளிக்குப் போன் செய்து லாரிக்கு வேறு ஆளை வரவழைத்தேன். திரும்பி வரும் வழியில் கம்பாரைத் தாண்டியதும் அவருக்குத் தெளிந்துவிட்டது.

நான் கம்பார் என்று எழுதிவிட்டேன் பாருங்கள், அது ஈப்போவுக்குத் தெற்கே இருக்கிறது. கோலகங்சார் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நாளை நினைத்தால் எனக்கே வழி குழம்புகிறது.

"வெயிலு தலைக்கேறிருச்சு. ஒன்னும் இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணிகிட்ட சொல்லாத" என்றார். நானும் சொல்லவில்லை. அவர் கேட்டால் நான் எப்போது முடியாது என்று சொல்லியிருக்கிறேன்?

அதற்கு எட்டு ஒன்பது மாதம் கழித்து அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அண்ணி அப்போதுதான் சோப்புத் தண்ணீர் விட்டுத் தரையைத் தேய்த்துவிட்டு, அலசுவதற்கு முன் அடுப்பில் குழம்பைப் பார்க்கப் போயிருக்கிறார். பெரிய அடி ஒன்றும் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் அந்த வாரத்தில்தான் அண்ணன் முதல் தடவையாக அண்ணியின் பெயரை மறந்தார். அண்ணி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். நான்தான் என் புருஷனை இப்படி ஆக்கிவிட்டேன் என்று அவர் மனத்தில் விழுந்துவிட்டது.

வீடு முழுக்கப் பழைய துண்டுகளை விரித்துப் போட்டார். வெறும் தண்ணீரில்தான் தரை துடைப்பார். சோப்பை வாங்குவதையே நிறுத்திவிட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அவராகவே சொல்வார். "நான் அலசி விட்டிருக்கணும். ஒரு வாளி தண்ணி. அந்த ஒரு வாளிய ஊத்திட்டுப் போயிருக்கணும்." நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படிலாம் இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு அவர் கொடுத்த தேநீரைக் குடிப்பேன். இரண்டு வருஷம் அப்படிக் குடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என் வேலை. எல் போர்டு ஒட்டிய என் காரில் முன்னால் அவர், பின்னால் அண்ணி. அங்கே இருந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது, பொறுமைசாலி. முதல் நாளே அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார். இன்று என்ன கிழமை? இது எந்த ஊர்? அண்ணன் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பது போல் லேசாக முகம் சுளித்தார்.

"தம்பிய பாத்தாத்தான் அவருக்கு ஒரு தைரியம்" என்றார் அண்ணி டாக்டரிடம், தனக்குத் தெரிந்த மலாயில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாற்காலிக்கு அடியில் பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. இதற்கு முன் தலையில் அடிபட்டு நினைவு தப்பியது உண்டா என்று டாக்டர் கேட்டார். அண்ணி, "அதெல்லாம் இல்ல டாக்டர். அந்த பாத்ரூம்ல விழுந்தது ஒன்னுதான்" என்றார். நான் அப்போதும் சும்மாதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூரிலிருந்து அவர்கள் மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நல்ல பெண்தான், தூரத்தில் இருக்கிற கவலையில் வெடித்துவிட்டாள். "நீங்க கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்மா! ஒரு தரைய கழுவத் தெரியாதா?" அண்ணி போனை வைத்துவிட்டு, அண்ணனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழவும் இல்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணி, தரைனால இல்ல" என்றேன்.

"இப்படித்தான் நீயும் ரெண்டு வருஷமா சொல்ற."

"இல்ல அண்ணி, எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டேன். தைப்பிங், டாக்டரின் மூன்று கேள்வி, காதோரம் நான் சொல்லிக்கொடுத்தது, பஸ்ஸில் அவர் கேட்டது, பாகான் செராய், எல்லாம். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. நான் முடித்ததும் அண்ணி ஆறிப்போன கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து அண்ணனுக்குக் கொடுத்தார், வாயைத் துடைத்தார்.

"எத்தன தடவ?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு."

"நாலு தடவையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"ஆமா அண்ணி."

"நீ சொல்லலன்னா அந்த சீன டாக்டர் இவர வெளிய கூட்டிட்டுப் போயிருப்பாரு."

"ஆமா."

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல. அந்தப் பொண்ணுகிட்ட இத சொல்லு. எனக்கு தமிழ்ல சொன்னது போதும். அதுக்கு வெளங்குற மாதிரி மலாய்ல சொல்லு."

செவ்வாய்க்கிழமை சொன்னேன். டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜெயிக்க வேண்டும் என்று ஆசை, என் இடம் போய்விடும் என்று பயம் என்றேன். மலாயில் அதைச் சொல்லும்போது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே உறைத்தது. இன்னதுதான் காரணம் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது, ஆனால் இது ரொம்ப காலமாக உள்ளே வளர்ந்த சீக்கு என்றார் டாக்டர்.

"அப்போ நான் கழுவுன தரைனால இல்லியா?" என்று அண்ணி கேட்டார்.

"இல்லை அம்மா. அவர் வழுக்கி விழுவதற்கு முன்பே அது வந்துவிட்டது."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார். அண்ணன் பதறிப் போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். யார் என்று தெரிந்து தடவினாரா, யாரோ ஒரு பெண் அழுகிறாள் என்று தடவினாரா, எனக்குத் தெரியாது.

புந்தோங்கில் அண்ணனை இறக்கி, கேட்டைத் திறந்து உள்ளே உட்கார வைத்துவிட்டு, அண்ணி திரும்ப வந்து என் பக்கத்துக் கண்ணாடி அருகே நின்றார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சனிக்கெழம எப்பயும் போல வா தம்பி. நீ வரலன்னா அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு. ஆனா என்கிட்ட மன்னிப்பு மட்டும் கேக்காத. கேட்டா நான் மன்னிச்சிருவேன். எனக்கு இப்ப மன்னிக்க இஷ்டம் இல்ல."

சனிக்கிழமைதோறும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இன்னும் கேட்கவில்லை.